அமினோ அமிலம்தான் கேன்சருக்குத் தீனி என்றால், மீன், முட்டையை நிறுத்தலாமா?

பையனுக்கு லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், அஸ்பராஜினேஸ் என்ற மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள் என்று ராயபுரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம்.

வேகமாகப் பிரியும் செல்லுக்குப் புரதம் கட்ட மட்டுமல்ல, டிஎன்ஏ எழுதவும் புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றான குளுட்டமின், டிஎன்ஏவுக்கு நைட்ரஜனைத் தருகிறது. அதன் கார்பன், குளுட்டமேட் வழியாக ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் என்ற பொருளாகி, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் சுழற்சியில் சேர்கிறது. செரின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தரும் ஒற்றைக் கார்பன், ஃபோலேட் என்ற வைட்டமின் மூலம் டிஎன்ஏ கட்டும் இடத்துக்குப் போய்ச் சேரும். மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து அடைப்பது இந்த ஃபோலேட் பாதையைத்தான்.

உங்கள் பையனுக்கு முக்கியமானது அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம். நம் செல்கள் பெரும்பாலும் அதைத் தாமே செய்துகொள்ளும். இந்த லுகேமியா செல்களில் அதற்கான நொதி, அஸ்பராஜின் சிந்தடேஸ், மிகக் குறைவு; ரத்தத்தில் வருவதை நம்பியே பிழைக்கின்றன. ஊசி மருந்து அந்த அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலம், அம்மோனியா என உடைத்துவிடுகிறது. கடன் கொடுத்த கடையே மூடியதுபோலத்தான். சில செல்கள் பிறகு அந்த நொதியைக் கூட்டிக்கொண்டு தப்பிப்பதும் உண்டு.

பத்தியம் இந்த வேலையைச் செய்யாது. சாப்பாட்டில் வராவிட்டாலும் கல்லீரல் அஸ்பராஜினைச் செய்து ரத்தத்தில் விடும். புரதம் குறைந்தால் கரைவது பையனின் தசைதான். காசிமேட்டு மீன் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் நன்றாக வெந்த குழம்பாக. வறுவல், பஜ்ஜி அளவோடு போதும், இந்த மருந்தில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறலாம்.

மேல்வயிறு கடுமையாக வலித்து முதுகுக்குப் பரவினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ கேஸ் என்று ஓமவாட்டர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கணைய அழற்சியாக இருக்கலாம். அன்றே லிபேஸ் என்ற கணைய நொதியை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.