காட்டுயிர்ப் பணிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விலங்கியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிறு வயதிலிருந்தே விலங்குகள் மீது பிரியம் அதிகம். காட்டுயிர்த் துறையில் வேலை செய்ய விரும்புகிறேன். "அதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார்கள் வீட்டில். நல்ல கேமரா வாங்கிப் பழகத் தொடங்கலாமா? இத்துறைக்கு என்ன திறன்கள் வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

கேமராவை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். பிரியம் உங்களை இத்துறையின் வாசல்வரை கொண்டுவரும். அன்றாட வேலையில் அதற்கு இடம் குறைவு.

நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். புலியின் இரு விலாக்களிலும் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், தானியங்கிக் கேமராக்களைத் தடத்தின் இருபுறமும் எதிரெதிராகப் பொருத்துகிறார்கள். படமெடுப்பது கருவி, எந்தத் தடத்தில் அதை வைப்பது என்று தீர்மானிப்பதும், குவியும் படங்களைப் பிரித்து வரிகளை ஒப்பிடுவதும் மனிதரின் வேலை. இரை விலங்குகளைக் கணக்கிட, விடியற்காலையில் 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் ஓசையின்றி நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு கூட்டத்தின் எண்ணிக்கையையும், நிற்குமிடத்திலிருந்து அதன் தூரத்தையும், திசைக் கோணத்தையும் குறிக்க வேண்டும். எதுவுமே தென்படாத நாளன்று 'இல்லை' என்று நேர்மையாக எழுதுபவரே இங்கு வேண்டியவர். வெறுங்கையுடன் திரும்பக் கூச்சப்பட்டு, நேற்றுப் பார்த்த கடமானை இன்றைய தாளில் ஏற்றிவிட்டால், அதன்மேல் போடப்படும் அடர்த்திக் கணக்கும், அதாவது ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை விலங்குகள் என்ற மதிப்பீடும், பொய்யாகிவிடும். ஆகவே புள்ளியியலை இப்போதே படியுங்கள். விலங்கியல் மாணவர்கள் பலர் கணக்குக்குப் பயந்து அதை ஒதுக்குவது எனக்கு எப்போதும் விளங்காத விஷயம்.

இன்னொரு திறன் மனிதர்களோடு பேசுவது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே யானைகள் நடமாடுகின்றன. அவை அருகில் நிற்பது தெரியாமல் இருட்டில் எதிர்ப்பட்டுவிடுவதே அங்கு உயிரிழப்புகளுக்குப் பெரும் காரணமாக இருந்தது. மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், யானைகள் இருக்குமிடத்தை உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியிலும், 2011 முதல் குறுஞ்செய்திகளாகவும் அறிவித்தது. கைபேசியால் எரியவிடக்கூடிய சிவப்பு விளக்குகளும் பொருத்தப்பட்டன. யானையைப் பின்தொடரத் தெரிந்தால் மட்டும் இது நடக்காது. கடைசிப் பேருந்தில் யார் எங்கே இறங்கி தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் எந்த லைன் வீட்டுக்கு நடக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் அந்தச் செய்தியை நம்பவும் வேண்டும்.

வனத்துறைப் பணி வேறு வகை. ரோந்து, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுதல், 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் பதிந்து நீதிமன்றத்தில் நிற்கும்படி ஆவணங்களைத் தயாரித்தல் என்று அது விரியும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் இப்போது வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளும் உண்டு. இந்திய வனப்பணிக்கு, யுபிஎஸ்சி தேர்வுக்குப் பிறகு, பெண்கள் 4 மணி நேரத்தில் 14 கிலோமீட்டரும் ஆண்கள் 25 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும்.

ஆராய்ச்சிதான் விருப்பமென்றால் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரி, உதகை அரசு கலைக் கல்லூரி, டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனம் ஆகியவற்றின் முதுகலைப் படிப்புகளை விசாரியுங்கள். வீட்டாரின் கவலையிலும் நியாயமுண்டு: ஆராய்ச்சி வேலைகள் பெரும்பாலும் திட்ட அடிப்படையிலானவை, நிதி முடிந்தால் வேலையும் முடியும். அதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு விண்ணப்பியுங்கள்.