மூச்சிலிருந்து திரும்பி வரலாம், மருந்திலிருந்து?

கேள்வி: எனக்கு வயது 46. பத்து வருடங்களாக மனச்சோர்வு. மூன்று மாத்திரைகள் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. இப்போது சைலோசைபின் (சில வகைக் காளான்களில் இருக்கும், மனநிலையை மாற்றும் மருந்து) சிகிச்சை ஆய்வு ஒன்றில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். மருந்து தரும் நாளுக்கு இன்னும் ஐந்து வாரம். அதற்குள், வேகமாக ஆழ்ந்து மூச்சு விடும் ஹோலோட்ரோபிக் மூச்சுப் பயிற்சியின் இரண்டு நாள் முகாமுக்குப் போய்வந்தால் மனம் பழகிவிடும் என்கிறார் நண்பர். போகலாமா?

பதில்: பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். அந்தப் பயிற்சி மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. உளவியல் சிகிச்சையோடு சேர்த்து இருபது வருடம் அதை நடத்திக்கொடுத்தவள்தான் நான்.

அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் நான் ஏன் தயங்குகிறேன் என்பது புரியும். ஸ்டானிஸ்லாவ் குரோஃப் என்ற மனநல மருத்துவர் 1950களில் பிராக் நகரில், மனக்காட்சிகளை எழுப்பும் எல்.எஸ்.டி. என்ற மருந்தை வைத்து ஆராய்ச்சியில் இறங்கினார். 1967இல் அமெரிக்கா போனார். 1970இல் அங்கே வந்த சட்டம் அந்த மருந்தை மிகக் கடுமையான பட்டியலில் போட்டுப் பூட்டியது. அப்புறம் கலிஃபோர்னியாவின் எசலன் மையத்தில் இருந்தபோது, மனைவி கிறிஸ்டினாவோடு சேர்ந்து, மருந்தே இல்லாமல் அதே மாதிரி மனநிலைக்குப் போக ஒரு வழி செய்தார். வேகமான ஆழ்ந்த மூச்சு, உரத்த இசை, பக்கத்தில் காவலுக்கு ஒருவர். இரண்டு மூன்று மணி நேரம் நீளும். மருந்து கைவிட்டுப் போன இடத்தில் முளைத்த பயிர் இது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறும் முகாம்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

என் முதல் அமர்வைச் சொல்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கட்டைவிரல் உள்ளே மடங்கியது, மணிக்கட்டு வளைந்தது. பக்கவாதம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். காவலுக்கு இருந்த அம்மா ஓய்வுபெற்ற செவிலியர். என் காதருகே குனிந்து, "வாயை மூடிக்கிட்டு மெதுவா விடும்மா, ஒண்ணும் ஆகலை" என்றார். பத்து நிமிடத்தில் விரல்கள் பிரிந்தன.

நிறைய மூச்சு வாங்கினால் மூளைக்கு நிறைய ஆக்சிஜன் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தத்தில் கட்டில்லாமல் திரியும் கால்சியமும் இறங்குவதால்தான் விரல்கள் முறுக்கிக்கொள்கின்றன.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பத்து நிமிடத்தை. மூச்சை நிதானப்படுத்தினேன், திரும்பி வந்துவிட்டேன். சைலோசைபினில் அந்த வசதி கிடையாது. விழுங்கிவிட்டால் சுமார் ஆறு மணி நேரம் அதன் ராஜ்யம்தான். அதோடு, பழைய மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைப்பதும் பல ஆய்வுகளில் இந்த வாரங்களில்தான். ஏற்கெனவே தூக்கமும் மனமும் ஆட்டம் கண்டிருக்கும் நேரத்தில் அடித்தளத்தையே உலுக்கும் முகாம் எதற்கு? நீங்கள் எதைச் செய்வதாக இருந்தாலும் ஆய்வுக் குழுவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சரி, ஐந்து வாரமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தினமும் இரண்டு வேளை, பத்து நிமிடம், கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். காதில் மெல்லிய இசை இருக்கட்டும், மருந்து தரும் நாளிலும் பெரும்பாலும் இப்படித்தான் படுக்க வைப்பார்கள். ஒரு கை அடிவயிற்றில். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். பயம் வந்தால் நாம் எல்லோரும் செய்வது மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான். வெளியே விடுவது உடம்புக்குப் பழகியிருந்தால், அன்று யாரும் ஞாபகப்படுத்தாமலே அது விடும். நான் கேட்பது அவ்வளவுதான்.

கேள்வி: மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது பயங்கரமான காட்சி வந்தால், வேகமாக மூச்சு விட்டு அதை உடைத்துக்கொண்டு போய்விடலாமா?

பதில்: வேண்டாம். அதுவும் உங்களுக்குத் தருவது எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு மனநிலை மாற்றும் மருந்து என்றால் கண்டிப்பாக வேண்டாம். அந்த மருந்தே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவானேன்? அதன் சிகிச்சைமுறையை உருவாக்கியதில் முக்கியமானவர்கள் மருத்துவர் மைக்கேல் மித்தோஃபரும் செவிலியரான அவர் மனைவி ஆனியும். இரண்டு பேரும் குரோஃபின் மூச்சு முறையில் பயிற்சி பெற்றவர்கள். அப்படியிருந்தும், சுமார் எட்டு மணி நேரம் நீளும் அந்த அமர்வுக்குத் தயார்செய்யும்போது கற்றுத்தருவது நிதானமான வயிற்று மூச்சைத்தான். காட்சி பயங்கரமாக இருந்தால் உடம்பில் எங்கே இறுக்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்கு மூச்சை அனுப்புகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குத்தானே அவர் உட்கார்ந்திருக்கிறார்?

கேள்வி: மருந்தெல்லாம் எதற்கு, மூச்சே போதும், இயற்கையானது, ஆபத்தே இல்லை என்கிறாள் என் தோழி. உண்மையா?

பதில்: உங்கள் தோழிக்குப் போதுமாக இருந்திருக்கலாம். ஆபத்தே இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வலிப்பு, இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், விழித்திரை விலகல், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, இருதுருவ மனநோய், மனச்சிதைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வேகமூச்சு அமர்வுக்குப் போகக் கூடாது.

ஒரு முகாமில் பங்கேற்பாளராகப் போயிருந்தேன். நாற்பது பேருக்கு மூன்று உதவியாளர்கள். உடல்நலக் கேள்வித்தாள் என்ற பேச்சே இல்லை. அடுத்த விரிப்பில் இருந்த பையனுக்கு நடுவில் வலிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது உண்டாம். "யாரும் கேக்கலையே" என்றான் பிறகு. பாவம், அவன் சொன்னதில் என்ன தப்பு? அன்றிலிருந்து, படிவத்தைப் படித்து முடிக்காமல் நான் யாரையும் படுக்க வைத்ததில்லை. மருந்தோடு ஒப்பிட்டால் மூச்சுப் பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள் குறைவு, சின்னவை. அதற்காக மருந்துக்கு எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலியா, சைலோசைபினையும் எம்.டி.எம்.ஏ.வையும் எழுதித்தரக் குறிப்பிட்ட மனநல மருத்துவர்களுக்கு அனுமதி தந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்.டி.எம்.ஏ.வுக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியது.

கேள்வி: சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்று உணர்ந்த லேசான மனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மூச்சுப் பயிற்சியால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பதில்: உங்கள் சிகிச்சையாளர் சரி என்றால், வேகமூச்சு அமர்வுக்கு ஏற்ற காலம் என்று ஒன்று இருந்தால் இதுதான். ஆனால் அந்த நாளைத் துரத்திக்கொண்டு போனால் கையில் ஒன்றும் சிக்காது. அன்று என்ன கிடைத்தது, அதில் எதைச் செய்வதாகச் சொன்னீர்கள் என்று முதலில் எழுதிப்பாருங்கள்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றி, அவர் அனுமதியோடு சொல்கிறேன். மருந்து அமர்வில் அண்ணனை மன்னித்துவிட்டதாகக் கண்ணீர்விட்டவர் மூன்று மாதமாக ஒரு போன் போடவில்லை. எண்ணைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறதாம். தினமும் ஒரே நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நீண்ட மூச்சு வெளியே விடச் சொன்னேன். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் மூன்று நாள் மூச்சோடு சரி. நான்காம் நாள் மணி அடிக்க விட்டார்.