அடிபட்ட நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு பில் கேட்கிறார் ட்ரெய்னர்

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன் சார். ரோம்ஃபோர்டுக்கு நாய்ப் பந்தயம் பார்க்கப் போய்ப் போய் ஆசை வந்து, நானும் வேலையிடத்து நண்பரும் சேர்ந்து ஜூலை கடைசியில் ஒரு கிரேஹவுண்ட் வாங்கினோம். விலை 2,400 பவுண்டு, ஆளுக்குப் பாதி. விற்றவரே நாயைப் பழக்கும் ட்ரெய்னர்; நாய் அவர் கென்னலிலேயே (நாய்க் கொட்டிலில்) இருக்கிறது, நாளுக்கு 9 பவுண்டு. மூன்றாவது பந்தயத்தில் வலது பின்னங்கால் போய்விட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் இதில் பழைய அடியும் இருக்கிறது என்கிறார். ட்ரெய்னர் 42 நாள் கென்னல் பாக்கி 378, வைத்தியச் செலவு 462, ஆக 840 பவுண்டு கட்டினால்தான் நாயைத் தருவேன் என்கிறார். "இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு என்னிடமே விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் என்ன பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, நாய் யார் கையில் இருந்தாலும் உரிமையாளர் எப்போதும் பொறுப்பாளிதான். வலியில் கிடக்கிறது என்று தெரிந்தும் சும்மா இருந்தால் கேள்வி உங்களிடமும் வரும். தேவையற்ற வேதனைக்கு ஆளாக்கும் குற்றத்துக்கு 2021இலிருந்து 5 ஆண்டு வரை சிறை. உங்களுக்கு அப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. நாய்க்கு வலி மருந்து கிடைக்கிறதா, கட்டு மாற்றுகிறார்களா என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும்.

சரி, பில்லைக் கட்டும்வரை நாயைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டா? தையல்காரர் கூலி வாங்கும்வரை சட்டையைத் தராமல் வைத்திருக்கலாம் இல்லையா, அதற்குப் பெயர் பற்றுரிமை. தன் வேலையால் பொருளை மேம்படுத்தியவருக்குத்தான் அது கிடைக்கும். வெறுமனே தீனி போட்டுப் பார்த்துக்கொண்டவருக்குக் கிடையாது. பந்தயக் குதிரையைப் பழக்கியவருக்கு இந்த உரிமை உண்டு என்று 1828இல் பெவன் எதிர் வாட்டர்ஸ் வழக்கில் முடிவானது. 1849இல் ஃபோர்த் எதிர் சிம்ப்சன் வழக்கு அதைக் குறுக்கியது: உரிமையாளர் நினைத்தபோது குதிரையைப் பந்தயத்தில் ஓட்டுவதற்காக லாயத்திலிருந்து கொண்டுபோகலாம் என்ற ஏற்பாடு இருந்தால், பிடித்து வைக்கும் பேச்சே எழாது. நாய்க்கும் இதே தர்க்கத்தைத்தான் வைத்து வாதிட வேண்டும். ஆகவே உங்களுக்குள் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பது முக்கியம். காகிதத்தில் ஒன்றும் இல்லை என்று ஊகிக்கிறேன். முதல் தடவை நாய் வாங்குகிற யாரிடமும் அது இருப்பதில்லை.

அவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அது பழக்கிய கூலிக்குத்தான். டாக்டர் செய்த வேலைக்கு நாயைப் பிணை வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று: தன் பாக்கிக்காகப் பிடித்து வைத்திருக்கும் நாட்களுக்கும் 9 பவுண்டு ஏற்றிக்கொண்டே போக முடியாது. 1860இல் ஒரு கப்பல் பழுதுபார்ப்பவர் இதைத்தான் செய்து பார்த்தார். கூலி வரும்வரை கப்பலைத் தன் துறையில் நிறுத்திவிட்டு, நிறுத்திய நாட்களுக்கும் வாடகை கேட்டார். பிடித்து வைத்தது உன் நன்மைக்கு, செலவும் உன்னுடையது என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது.

இவ்வளவு வாதம் இருந்தும் என் யோசனை வேறு. 840ஐக் கட்டி நாயை வெளியே எடுத்துவிடுங்கள். பொருளை மீட்டுத் தரச் சொல்லி 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குப் போகலாம், இடைக்கால உத்தரவும் கேட்கலாம். ஆனால் உத்தரவு கைக்கு வருவதற்குள் அந்தக் கால் கோணலாகக் கூடிவிடும். பணம் அனுப்பும்போது, "இந்தத் தொகையை ஏற்கவில்லை, நாயை மீட்பதற்காக ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விடவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாகவே போகட்டும்.

அப்புறம்தான் சண்டை. சட்டத்தின் பார்வையில் நாய் ஒரு சரக்கு. கேட்க நெஞ்சு உறுத்தினாலும் உங்களுக்கு அது சாதகம். வழக்கமாக நாய் விற்பவரிடம் பொழுதுபோக்குக்காக வாங்கினீர்கள் என்பதால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் எளிய வழி தாண்டிவிட்டது. ஆனால் 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்தது என்றுதான் கோர்ட் தொடங்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. சரிசெய்து தர முடியாத நிலையில் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது நாயைத் திருப்பிவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். பின்னதைச் செய்தால் நாய் மறுபடி அவரிடமே போகும். அதை யோசித்து முடிவெடுங்கள்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஓட்டத்துக்கு முன் ஸ்டேடியம் டாக்டர் பார்த்துத்தானே அனுப்பினார் என்பார். 2010ஆம் ஆண்டின் பந்தய கிரேஹவுண்ட் நல விதிகளின்படி பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அது நடக்கவிட்டு, தொட்டுப் பார்க்கும் பரிசோதனை, எக்ஸ்ரே அல்ல. ஓட்டத்தில் வந்த அடி என்றும் சொல்வார். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. இங்கே நாய்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வளைவதால் வலது பின்னங்கால் கணு மூட்டில்தான் அழுத்தம் அதிகம்; அங்கே எலும்பு முறிவது இந்தப் பந்தயத்தின் பெயர்பெற்ற காயம். அதனால் உங்கள் வழக்கு முழுவதும் அந்த எக்ஸ்ரேயில்தான் நிற்கிறது. முறிவைச் சுற்றிப் புது எலும்பு படிந்திருக்கிறதா, இருந்தால் அது எத்தனை வாரப் பழசு, ஜூலைக்கு முந்தியதா என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். "பழைய அடி" என்று வாயால் சொன்னது போதாது. விற்கும்போது "ஒரு அடியும் பட்டதில்லை" என்று அவர் அனுப்பிய செய்தி ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள். ஸ்டேடியத்தில் காயப் பதிவேடு இருக்கும், அதில் இந்த நாயின் பழைய வரிகளையும் கேளுங்கள்.

முதலில் 14 நாள் கெடு வைத்துக் கடிதம், பிறகு சிறு வழக்கு மன்றம். 10,000 பவுண்டு வரை அங்கேயே பார்ப்பார்கள், வக்கீல் இல்லாமலே நடத்தலாம்.

நண்பர் விஷயத்தில் ஒரு வரி: பந்தய நாய்ப் பதிவில் ஓனராக அவர் பெயர் மட்டும் இருந்தாலும், பாதிப் பணம் போன வங்கிக் கணக்கு உங்கள் பங்கைக் காட்டும். ஆனால் இந்தப் பந்தயங்களை நெறிப்படுத்தும் பிரிட்டன் கிரேஹவுண்ட் வாரியம் பதிவில் உள்ளவரிடம்தான் பேசும். கடிதத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

வாரியத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஓட முடியாமல் போன நாயின் எலும்புச் சிகிச்சைக்கு அவர்களிடம் உதவித் திட்டம் இருக்கிறது. உங்கள் நாய் தகுதி பெறுகிறதா என்று ட்ரெய்னர் கேட்டாரா? மற்றது, 2020 செப்டம்பரிலிருந்து நடக்கும் ஓய்வுத் திட்டம். பதிவின்போதே ஓனரும் வாரியமும் பாதிப் பாதியாக ஒரு தொகை போடுவார்கள், தொடக்கத்தில் அது 400 பவுண்டு. அங்கீகரித்த காப்பகம் நாய்க்கு வீடு தேடித் தரும்போது அது காப்பகத்துக்குப் போகும். வீட்டில் நீங்களே வைத்துக்கொள்ள முடியாவிட்டால் போகவேண்டிய வாசல் அதுதான், ட்ரெய்னரின் வாசல் அல்ல.

நாயை எடுக்கப் போகும்போது அதன் அடையாளப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். காதின் உட்புறம் பச்சை குத்திய எழுத்துகள் அதில் உள்ளவைதானா என்று அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் மைக்ரோசிப் பதிவில் உங்கள் முகவரியை மாற்றிவிடுங்கள்.