1969 செவர்லே கமாரோ கார்: முன்பக்கம் 275 டயர் உரசுவது பற்றி

வணக்கம் நண்பரே. 9 அங்குல அகல ரிம்மில் 275/40 டயர் (275 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் விட்டம் 17 அங்குலம்) மாட்டியதும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசுகிறது, ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் இடைத்தட்டு) வைத்தால் பள்ளத்தில் ஃபெண்டர் விளிம்பு இடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

உயரம் காரணமில்லை. நான் கீழே சொல்லும் 245/45, உங்கள் 275/40 இரண்டுமே ஏறக்குறைய 652 மில்லிமீட்டர் உயரம்தான். அகலம்தான் பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் கூடுகிறது, அந்த ஃபெண்டருக்குள் அதற்கு இடமில்லை. ஸ்பேசர் இடத்தை உண்டாக்காது. உரசலை உள்ளிருந்து வெளியே தள்ளும், அவ்வளவுதான். கூடவே ஸ்டட்டில் (சக்கரத்தை மாட்டும் மரை போட்ட கம்பி) நட் பிடிக்கும் நீளமும் குறையும். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

என் யோசனை: 8 அங்குல அகல ரிம், 245/45 டயர். வாங்கும் முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சஸ்பென்ஷனின் கீழ்க் கையை (சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப்பக்க இணைப்பு) ஜாக்கால் மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு உயரத்திலும் ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, உள்ளே ஆன்ட்டி ரோல் பாருக்கும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) வெளியே ஃபெண்டர் மடிப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். ரிம்மின் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் விலகியிருக்கும் தூரம்) அந்த எண்களே சொல்லும். ஆஃப்செட் பூஜ்ஜியம் என்றால் 8 அங்குல ரிம்முக்கு பேக்ஸ்பேஸ் (உள் விளிம்பிலிருந்து அந்த முகம் வரையுள்ள தூரம்), விளிம்பின் தடிமனும் சேர்ந்து, 4.5 அங்குலம் வரும். அங்கிருந்து கணக்குப் போடுங்கள்.

275தான் வேண்டும் என்றால் ஃபெண்டர் மடிப்பை உள்ளே உருட்டித் தட்டையாக்க வேண்டும், சஸ்பென்ஷனிலும் கை வைக்க வேண்டிவரும். அசல் பெயின்ட் இருக்கிற வண்டியென்றால் நான் அதைத் தொடமாட்டேன். அப்புறம், டயர் மாற்றியதும் அலைன்மென்ட் பார்க்கும்போது கேஸ்டரைக் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) கொஞ்சம் பாசிட்டிவாகக், அதாவது மேல்முனை பின்னால் சாயும்படி, கூட்டச் சொல்லுங்கள், நேர்கோட்டில் வண்டி அலையாமல் ஓடும். பவர் ஸ்டீயரிங் இல்லையென்றால் திருப்புவது சற்றுக் கனமாகும்.