42,000 ரூபாய் எஸ்டிமேட் வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கை மாற்றுங்கள்

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2016இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். ஐ3 ஆறாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தால்தான் வேலை செய்ய முடிகிறது. மனைவி வீட்டிலிருந்தே இரண்டு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறார், பையன் பிளஸ் டூ படிக்கிறான். கடையில் காட்டினேன். மதர்போர்டே பழசு, மொத்தமாக மாற்ற 42,000 ஆகும், முடியாவிட்டால் 6,500க்கு ஒரு கிராபிக்ஸ் கார்டாவது போடுங்கள், வேகம் வரும் என்கிறார். என்னால் 10,000 வரை முடியும். எதைச் செய்வது?"

கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே போய் வாங்கிவிடப் போகிறீர்கள். திரைக்குப் படம் அனுப்பும் வேலையை உங்கள் ஐ3 சிப்பே பார்த்துக்கொள்கிறது, டேலிக்கும் யூடியூப் பாடத்துக்கும் அது தாராளம். தனிக் கார்டு என்பது கேம் ஆடுகிறவர்களுக்கும் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும். இந்த விலைக்குக் கைக்கு வருவது பெரும்பாலும் ஜிடி 730 மாதிரி, 2014இல் வந்த சரக்கு. அதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. மிகப் பழைய கார்டுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றி எழுதி, விண்டோஸில் திறந்து பார்த்தாலும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற நல்ல கார்டாகவே காட்டும்படி செய்து விற்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இந்தத் திருட்டைப் பல நேரம் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆனால் அதைப் போட்டுப் பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர்?

சரி, உங்கள் கம்ப்யூட்டர் எங்கே தடுமாறுகிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம், கடைக்காரர் சொல்லவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். ஆன் செய்து, அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். சிபியு, அதாவது உங்கள் ஐ3 சிப், 20, 30 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100இலேயே நின்றால் குற்றவாளி அந்த ஹார்ட் டிஸ்க்தான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

காரணம் ரொம்பச் சிக்கலானதில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. ஒரு முள் அதன்மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தேடிப் படிக்கிறது. விண்டோஸ் துவங்கும்போது தட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைக் கேட்கும், அந்த முள்ளால் நொடிக்கு நூறு இடத்துக்குப் போய்வருவதே பெரும்பாடு. எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் சாதனம், அதில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை, நொடிக்குப் பல்லாயிரம் இடங்களிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். அதனால்தான் பத்து வருடப் பழைய மெஷினில் எஸ்எஸ்டி போட்டதும் வீட்டில் எல்லோரும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதாக நினைக்கிறார்கள். போர்டு அதேதான், சிப்பும் அதேதான்.

ஆகவே முதல் செலவு: 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே வகை இணைப்பில் மாட்டுவது), 500 ஜிபி. பணம் இடித்தால் 240 போதும், ஏனென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றத் தேவையில்லை, படமும் பாட்டும் அதிலேயே கிடக்கட்டும், விண்டோஸும் டேலியும் மட்டும் எஸ்எஸ்டிக்குப் போகட்டும். என்விஎம்இ என்று, போர்டிலேயே நேராகச் சொருகும் இன்னொரு வகை எஸ்எஸ்டியைக் காட்டி இது பத்து மடங்கு வேகம் என்பார்கள். உங்கள் கம்ப்யூட்டர் காலத்து ஹெச்110 வகை போர்டுகள் பலவற்றில் அதற்கான இடமே கிடையாது, தலையாட்டாதீர்கள். கூடவே ஒரு சாட்டா கேபிள் வேண்டும், அதற்குத் தனியாக நூற்றுக்கணக்கில் பில் போட்டால் சண்டை போடுங்கள்.

இங்கேதான் இடைத்தரகர்களின் கைவரிசை. பெயர் தெரியாத பிராண்டில் 1 டிபி எஸ்எஸ்டி பாதி விலைக்கு என்று ஆன்லைனில் வரும். பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு சொருகியிருக்கும், 1 டிபி என்று பொய்யாகக் காட்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீங்கள் எழுதும் கோப்பெல்லாம் காற்றில் போகும். கல்யாண வீடியோவை அதில் போட்டு வைத்துவிட்டு அப்புறம் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கினாலும் "பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம் சார்" என்பார்கள். அந்த மிச்சம் உங்களுக்கு முழுசாக வருவதும் இல்லை, வந்தாலும் மூன்று வருடமோ ஐந்து வருடமோ உள்ள வாரண்டியை அந்தக் காசுக்கு விற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போனாலும் இதுதான் விதி.

அடுத்து ரேம். இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கினால் உங்கள் வேலைக்குப் போதும். அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலையும் எஸ்எஸ்டி விலையும் தாறுமாறாக ஏறிக்கிடக்கின்றன. உலகத்துக்கே மெமரி சிப் செய்து தருவது முக்கியமாக மூன்று கம்பெனிகள், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்கள் கொட்டிக் கொடுப்பதால் மூன்றும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரான் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த க்ரூசியல் பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஆகவே ரேமை மட்டும் செகண்ட்ஸில் வாங்கலாம் என்பேன். எழுதி எழுதித் தேயும் பொருள் இல்லை அது, நல்லதாக இருந்தால் வருடக்கணக்கில் ஓடும். ஒரு வார செக்கிங் வாரண்டி கேட்டு வாங்கி, விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டி தேயும், அதைச் செகண்ட்ஸில் வாங்கக் கூடாது.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. ஆறாவது ஜெனரேஷன் என்றாலே டிடிஆர்4 ரேம் என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் பழைய டிடிஆர்3 ஸ்டாக்கைத் தள்ளிவிட வசதியாக, ஆறாவது ஜெனரேஷன் சிப்புக்கே டிடிஆர்3 ஸ்லாட் வைத்த ஹெச்110 போர்டுகளும் வந்தன. போர்டின் பெயர் முடிவில் டி3 என்றோ டிடிஆர்3 என்றோ இருக்கும். மெமரி பக்கத்தில் ஸ்பீடு 2133 என்று காட்டினால் டிடிஆர்4, 1600 அல்லது 1333 என்றால் டிடிஆர்3. இரண்டு வகை ரேமிலும் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் அழுத்தினால் உடையும். சரி, டிடிஆர்3 என்றே தெரிந்துவிட்டது, ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பல ஏஎம்டி போர்டில் மட்டும்தான் வேலை செய்யும், அதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கீழே போட்டிருப்பார்கள், உங்கள் இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது, உடனே "பார்த்தீங்களா, போர்டு போச்சு" என்று 42,000 எஸ்டிமேட் திரும்ப வரும். உங்களுடையது டிடிஆர்4ஆகத்தான் இருக்கும். இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த 42,000. கொட்டேஷனில் வெறும் "ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி" என்று எழுதியிருக்கிறதா? ஐ5 என்பது பத்துப் பதினைந்து வருடமாக வந்துகொண்டிருக்கும் பெயர். 2011, 2012இல் வந்த இரண்டாவது, மூன்றாவது ஜெனரேஷன் சிப்பைப் புது ஹெச்61 போர்டில் மாட்டி, பளபளக்கும் கேபினெட்டில் வைத்து, புத்தம் புது ஐ5 என்று விற்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பதைவிடப் பழைய சிப். முழு நம்பரைக் கேளுங்கள். ஐ5 3470 என்றால் மூன்றாவது ஜெனரேஷன், 12400 என்றால் பன்னிரண்டாவது. நம்பர் சொல்லத் தயங்குகிற கடையில் எதையும் வாங்க வேண்டாம். பையன் கல்லூரியில் சேர்ந்து, அங்கே பெரிய மென்பொருள் ஏதாவது கேட்டால் அப்போது புது மெஷினைப் பற்றிப் பேசலாம். இப்போதே எதற்கு?

கடைக்காரர் விண்டோஸைக் காட்டிப் பயமுறுத்தியிருப்பார், அதில் பாதி உண்மை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் ஆறாவது ஜெனரேஷனை ஏற்காது, கிட்டத்தட்ட எட்டாவதிலிருந்துதான். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் அடிப்படை வடிவமைப்பில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை, எங்கேயோ ஒரு கோடு கிழிக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட்காரர்கள் கிழித்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிற கோடிக்கணக்கான மெஷின்களைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, அதே ஆட்கள் சுற்றுச்சூழலைப் பற்றி அறிக்கை விடுவார்கள். போகட்டும். பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் பேக்கப் வைக்கச் சம்மதித்தால் காசு கேட்க மாட்டார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் என்ரோல் என்று வரும். அதன்பிறகு விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போடலாம், ஆனால் டேலி அதில் நேராக ஓடாது என்பதால் உங்கள் வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன். "அதே சாக்கெட்தான் சார், எட்டாவது ஜெனரேஷன் சிப் செகண்ட்ஸ்ல போட்டுத் தரேன், விண்டோஸ் 11 ஏறிடும்" என்று ஒருவர் வருவார். இரண்டிலும் 1151 பின் என்பது நிஜம்தான், ஆனாலும் ஹெச்110 போர்டு அந்தச் சிப்பை எடுக்காது.

இன்னொன்று, 2016 பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் விண்டோஸுக்கென்று ஒரு வரி இல்லையென்றால் அன்றைக்குப் போட்டுக் கொடுத்தது அநேகமாகத் திருட்டு ஓஎஸ். அதை ஓட வைக்கும் ஆக்டிவேட்டருக்காக ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருப்பார்கள், அந்த மெஷினில்தான் உங்கள் மனைவி அடுத்தவர் கடைக் கணக்கை எழுதுகிறார். ஒரிஜினல் என்றால் கவலையில்லை, அந்த லைசென்ஸ் போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாற்றினால் போகாது, போர்டு மாற்றினால்தான் போகக்கூடும். 42,000 எஸ்டிமேட்டில் புது விண்டோஸ் விலை சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் டேலி டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டேலிக்குள்ளேயே லைசென்ஸை சரண்டர் செய்யும் வசதி உண்டு, டிஸ்க் மாற்றும் முன்பே அதைச் செய்துவிட்டால் புது எஸ்எஸ்டியில் திரும்ப ஆக்டிவேட் செய்வது சுலபம், மறந்தால் ஹெல்ப்லைனில் தொங்க வேண்டியதுதான். கேபினெட்டைத் திறந்து ரேம், ஹார்ட் டிஸ்க் ஸ்டிக்கர்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல ரேமை உருவிக்கொண்டு சொத்தையை மாட்டி அனுப்புகிற ஆட்கள் உண்டு. எக்ஸ்சேஞ்ச் என்று 300 ரூபாய் கழித்து உங்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டால் கொடுக்காதீர்கள், ஆதார் நகலிலிருந்து வங்கி ஸ்டேட்மென்ட் வரை எல்லாம் அதில்தான் இருக்கிறது, ஃபார்மட் போட்டாலும் பல நேரம் மீட்டுவிடலாம்.

முடிந்தால் எதிரிலேயே உட்கார்ந்து மாட்டச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை, பத்து வருடத் தூசியையும் ஊதித் தரச் சொல்லலாம். விண்டோஸ் ஏறியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பவர் ஆன் ஹவர்ஸ் என்ற எண்ணைப் பாருங்கள். புது எஸ்எஸ்டி என்றால் ஒன்றோ இரண்டோ காட்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அது எங்கேயோ ஓடிக் களைத்து வந்த சரக்கு, பணம் கொடுப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.