தோப்புப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகும் முன்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் நீங்களும் அம்மாவும் மைத்துனரும் மகளை அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் என்னைச் சந்தித்தபோது நான் சொன்ன ஆறுதல் வார்த்தைகள் போதாதவை என்று பிறகுதான் உறைத்தது. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் முடித்த உங்கள் மகள், மனிதர் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைப் பொருளியலும், அரசுத் திட்டங்களை வகுப்பது பற்றிய பொதுக் கொள்கையும் மேற்படிப்பாகப் படிக்க விரும்புகிறாள். உறவில் எவரும் கேள்விப்படாத படிப்பு என்பதால் வீடே கலங்கிப் போயிருக்கிறது. மைத்துனரோ, எம்.பி.ஏ. சேரட்டும், மாட்டேன் என்றால் இதையே லண்டனில் ஓராண்டில் முடித்து வரட்டும், காவேரிப்பட்டணத்து மாந்தோப்பை வைத்து 40 இலட்சம் கடன் வாங்கலாம் என்கிறார். எம்.பி.ஏ. பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். லண்டன் யோசனையை நான் எதிர்க்கிறேன்.

40 இலட்சத்துக்கு 10 விழுக்காடு வட்டி என்று வைத்தாலே, ஆண்டுக்கு 4 இலட்சம் வட்டிக்கு மட்டும் போய்விடும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்வார்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மெதுவாகச் சொல்வார்கள். படிப்பு முடிந்தபின் பிரிட்டனில் தங்கி வேலை தேடுவதற்கான காலமும் 2027 முதல் 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. கூழ் ஆலைக்காரர் சொல்லும் விலைக்குப் பெங்களூரா மாங்காயைக் கொடுத்துவிட்டு வரும் வீடு இந்தக் கடனைத் தாங்காது. பிறரைப் பார்த்து மனிதர் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்வதும் மகள் விரும்பும் இத்துறையின் வேலைகளுள் ஒன்று. நண்பரின் மகன் லண்டன் போனதைச் சொல்லி மைத்துனர் அன்று பேசியதை அதற்கு எடுத்துக்காட்டாகவே கொள்ளலாம்.

படிப்பின் மீது எனக்கு மறுப்பு ஏதுமில்லை. சர்க்கரை மாத்திரை இலவசம் என்று தெரிந்தும் பாட்டி ஏன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதில்லை என்று மகள் கேட்டாள் அல்லவா, அந்தக் கேள்விதான் இத்துறை. பேருந்துக்குக் காத்திருப்பதும் அரைநாள் கூலி போவதும் சிறிய தடைகளாகத் தெரிந்தாலும், அவைதாம் நல்ல திட்டங்களைப் படுக்க வைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து அந்தத் தடையைக் குறைத்தது. மனிதர் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்ததற்காகவே டேனியல் கானெமன் 2002-இலும் ரிச்சர்ட் தேலர் 2017-இலும் பொருளியல் நோபல் பெற்றார்கள்.

இனி, யாரும் உங்களிடம் சொல்லாத வழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அன்று) தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு ஆகியவற்றை இணைத்து, ஐந்து பாடங்கள் கொண்ட மைக்ரோமாஸ்டர்ஸ் என்னும் சான்றிதழ்ப் படிப்பை இணையவழியில் நடத்துகிறது. நுண்பொருளியல், தரவு ஆய்வு, ஒரு திட்டம் உண்மையில் பயன் தந்ததா என்பதைச் சோதனை முறையில் மதிப்பிடுதல் ஆகியவை அதில் உண்டு. உலக வறுமை பற்றிய பாடத்தை நடத்துபவர்கள் 2019-இல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கு உரிய தேர்வு எழுத மட்டும் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. தரவுப் பாடத்தில் புள்ளிவிவரக் கணக்குக்குப் பயன்படும் ‘ஆர்’ (R) என்னும் மென்பொருளும் இலவசமே. விரிவுரை ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் முதல் மாதம் திணறுவாள். ஆங்கில வசன வரிகளை ஓடவிட்டு இரண்டு முறை கேட்கட்டும். பிளஸ் டூ வகைநுண்கணிதத்தை மறுபடி போட்டுப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்தை, வீட்டு வேலை குறுக்கிடாதபடி, நீங்கள் ஒதுக்கித் தர வேண்டும்.

இந்தச் சான்றிதழைப் பெற்றவர்கள் எம்.ஐ.டி.யின் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சான்றிதழே முதுகலைப் பட்டம் ஆகிவிடாது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதவோ, அந்த வேலைக்கோ அது உதவாது. ஆகவே ஓராண்டு இதைப் படித்துக்கொண்டே, கள ஆய்வுப் பணி ஒன்றையும் தேடச் சொல்கிறேன். வினாப்படிவத்தை மக்கள் பேசும் தமிழுக்குக் கொண்டுவருவது, வீடு வீடாகப் போய்க் கேட்பது, கேட்டவை சரிதானா என்று சில வீடுகளுக்கு மறுபடி போய்ச் சரிபார்ப்பது என அதன் வேலைகள் நீளும். வீட்டில் தெலுங்கும், ஓசூர்ப் பக்கத்து உறவில் கன்னடமும் பேசி வளர்ந்த பெண்ணுக்கு இவ்வேலையில் இருக்கும் அனுகூலம், லண்டனில் படித்து வருபவருக்குக் கிடைக்காது. இத்தகைய ஆய்வுகளை நடத்தும் ஜே-பால் அமைப்பு 2014 முதல் தமிழ்நாடு அரசோடு இணைந்து பணியாற்றி வருகிறது. அதன் பிறகு சென்னை பொருளியல் கல்விக்கூடத்திலோ (மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்), குடும்ப வருமானம் பார்த்து உதவித்தொகை தரும் சர்ஜாபுரத்து அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலோ இரண்டாண்டு எம்.ஏ. சேரலாம். சர்ஜாபுரம் ஓசூருக்கு அருகில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அன்று ஒரு மணி நேரப் பேச்சில் மகள் பேசியது நான்கு நிமிடம்கூட இருக்காது. மீதியெல்லாம் மைத்துனர்தான் பேசினார். அடுத்த முறை அவளைத் தனியே அனுப்புங்கள். நுண்பொருளியல் பாடத்தின் முதல் வாரக் கணக்குகளைப் போட்ட தாளை, தவறாகப் போட்டவற்றையும் கிழிக்காமல், எடுத்து வரச் சொல்லுங்கள்.