காலை டூட்டிக்கு முன் கால் மணி நேரம்
கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

வண்டி வாங்கி ஐந்து வருஷம்தான் ஆகிறது. படிக்கட்டுக்கு அடியில் துரு பொத்தலாகிவிட்டது. பெயின்ட் அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?
– ஓட்டுநர், குளச்சல்

துரு இருக்கும் தகட்டின் மேலேயே பெயின்ட் அடித்திருப்பீர்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரமும் உப்பும் வெளியே வர வழியில்லாமல் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே பளபளப்பு, கீழே பொடி.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடும் வண்டிகளில் கடற்காற்றின் உப்பு படிவதைத் தடுக்க முடியாது, கழுவத்தான் முடியும். வாரம் ஒருமுறை அடிப்பாகத்துக்கு பிரஷர் வாஷ் கொடுங்கள். வீல் ஆர்ச் மூலை, படிக்கட்டின் அடி, கிராஸ் மெம்பர் (சேஸிஸின் குறுக்குக் கட்டை) சேரும் இடம் என்று சேறு தேங்கும் மூலைகள்தான் முக்கியம். கடலோர போர் தண்ணீர் கரிப்பாக இருந்தால் அதில் கழுவி பிரயோஜனம் இல்லை. கடலோரத்தை விட்டு உள்ளூர்ப் பக்கம் வரும் நாளில் நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை தடித்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். சந்தேகமான இடத்தில் அழுத்திக் குத்துங்கள். 'டங்' என்று கேட்டால் தகடு இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ முனை இறங்கினாலோ அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும். பட்டி பூசி மூடும் வேலை இங்கே ஆகாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இசியூ போய்விடும். மெயின் சேஸிஸ் கட்டையில் விரிசல் என்றால் சாலையோரப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வண்டிக்குள் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். பிளைவுட் தரை ஊறியிருந்தால் குதிகாலால் அழுத்தும்போதே அமுங்கும். சீட் கால் போல்ட் பிடித்திருக்கும் இடத்தில் இது நடந்தால் சீட்டே ஆடும். 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகளே வந்தன. மே மாதக் கூட்டாய்வில் அதிகாரி முதலில் குனிந்து பார்க்கும் இடமும் அதுதான்.

ஏர் பிரேக்குக்குக் காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்க்கைத் தினமும் திறந்து தண்ணீரை வடித்துவிடச் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை போதாதா?
– ஓட்டுநர், தக்கலை

நம் மாவட்டத்தில் போதாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்கிற ஊர். கம்ப்ரஸர் இழுக்கும் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அது டேங்க்கில் தண்ணீராக இறங்கி, வால்வுக்குப் போய்த் துருப்பிடிக்க வைக்கும். வண்டியை நிறுத்தியதும் மாலையிலேயே வடித்துவிடுங்கள். வெறும் தண்ணீர் வந்தால் கவலை இல்லை. சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த எண்ணெய் பிரேக் சேம்பரின் ரப்பரைக் கெடுக்கும். தண்ணீர் அதிகமாக வந்தால் காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் ஏர் டிரையர் கேட்ரிட்ஜைப் பாருங்கள்.

காலையில் காற்று நிரம்பியதும் எஞ்சினை நிறுத்துங்கள். பெடலை முழுதாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மிதித்தவுடன் முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்குப் பிறகும் ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐ, அதாவது 0.2 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஆயாவையோ கிளீனரையோ பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் காது வையுங்கள். ஜாயின்ட்டில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பிறகு சாவியை ஆன் செய்து பெடலை மறுபடி மறுபடி மிதித்துக் காற்றைக் குறையுங்கள். எச்சரிக்கை பஸ்ஸர் கேட்க வேண்டும். பஸ்ஸர் தொல்லை என்று வயரைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

பேச்சிப்பாறை ரோட்டில் இறங்கும்போது லைனிங் வாடை வருகிறது.
– ஓட்டுநர், குலசேகரம்

இறக்கம் முழுக்கப் பெடலிலேயே கால் இருந்தால் டிரம் சூடேறி, பிரேக் பிடிப்பு குறையும். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள், எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் போடுங்கள். பெடலைத் தொட்டுத் தொட்டு மிதிக்காமல், அழுத்தமாகப் பிடித்து வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். கீழே வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் கையைக் காட்டிச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டுகிறது: லைனிங் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் இறுகியிருக்கும், அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் போயிருக்கும்.

ஆயில் பிரேக் வேன் என்றால் ஃப்ளூயிட் எப்போது மாற்றியது என்று பாருங்கள். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது லைனில் ஆவி நிறைந்து பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பிஎஸ்-6 வண்டியில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது. வேறு கோளாறு தெரியவில்லை.
– ஓட்டுநர், மார்த்தாண்டம்

பள்ளி டிரிப்பின் இயல்பே காரணம். இரண்டு தெருவுக்கு ஒரு நிறுத்தம், மெதுவான ஓட்டம், மணிக்கணக்கில் ஐடிலிங். புகைப்போக்கி சூடாகாததால் ஃபில்டரில் சேர்ந்த கரி எரியாமல் அடைகிறது. பிள்ளைகளை இறக்கிய பிறகு, நான்குவழிச் சாலையில் ஒரே சீரான ஆர்பிஎம்மில் 20, 30 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரிந்து தெளியும். விளக்கு அணையாவிட்டால் மேனுவலில் சொன்னபடி நிறுத்தி வைத்து ரீஜெனரேஷன் (கரியை எரித்துத் தெளியவைப்பது) கொடுங்கள். வைக்கோல், காய்ந்த இலை மேல் நிறுத்தாதீர்கள், சைலன்ஸர் நெருப்பாகக் கொதிக்கும். டெஃப் (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவம்) டேங்க்கில் குழாய்த் தண்ணீர் கலக்கவே கூடாது.

தேங்கிய மழைத் தண்ணீரில் இறங்கி வந்த வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?
– பள்ளி வாகனப் பொறுப்பாளர், நாகர்கோவில்

தண்ணீர் ஹப் வரை வந்ததா என்பதுதான் கேள்வி. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். டிஃபரென்ஷியல் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். வீல் பேரிங் கிரீஸும் அப்படித்தான். அப்படியே விட்டால் சில வாரங்களில் பேரிங் ஊளையிடும்.

தண்ணீரை விட்டு வந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக மிதித்து லைனிங்கைக் காய வையுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் செல்ஃப் போடாதீர்கள்: சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராட் வளையும்.

டயரைத் தட்டிப் பார்த்தால் போதுமா?
– ஓட்டுநர், கருங்கல்

பின் இரட்டை டயரில் உள் டயர் காற்றிறங்கினால் வெளி டயர் முழுப் பாரத்தையும் தாங்கும், வெளியே தெரியாது. கேஜ்தான் வேண்டும், அதுவும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. பட்டன் (டயரின் மேல் பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள். வீல் நட்டிலிருந்து துருக்கோடு நட்சத்திரமாக ஓடினால் நட்டு தளர்ந்திருக்கிறது. ஸ்டெப்னி மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டரில் மறுபடி முறுக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் வண்டியை எப்படி நிறுத்துவது?
– பள்ளி வாகனப் பொறுப்பாளர், ஆரல்வாய்மொழி

டீசல் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், காலியிடம் இருந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். கட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள், இல்லாவிட்டால் லைனிங் டிரம்மில் ஒட்டும். பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி வையுங்கள். உங்கள் ஊர்க் காற்றும் புழுதியும் சேர்ந்து ஏர் ஃபில்டரை வேகமாக அடைக்கும், பள்ளி திறக்கும் முன் அதை மாற்றிவிடுங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா, அவசர வாசல் கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே தள்ளலில் திறக்கிறதா, தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, முதலுதவிப் பெட்டியில் காலாவதி மருந்து கிடக்கிறதா என்று பள்ளி திறக்கும் முந்தைய வாரமே பார்த்து, குறையை நோட்டில் தேதி போட்டு எழுதி ஒரு நகலைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.